கணுக்கால் மூட்டு தேய்மானம்: ஜாயின் பண்றதா, மாத்துறதா, இப்படியே ஓட்டலாமா?

நீங்க கேட்டத முதல்ல சுருக்கமா சொல்லிட்றேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். உங்க அப்பாவுக்கு 57 வயசு, பாலக்கோடு பக்கம் தக்காளி போடுறாரு, பத்து பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி புளி உலுக்க ஏறி மரத்துல இருந்து விழுந்து இடது கணுக்கால் உடைஞ்சது, ஆஸ்பத்திரில மாவுக்கட்டு போட்டாங்க, அத பாதியில பிரிச்சுட்டு நாட்டுக்கட்டு போட்டீங்க. இப்ப ரெண்டு வருஷமா வீக்கம், காலையில எழுந்ததும் பிடிப்பு, சாயங்காலம் ஆனா நொண்டுறாரு. தர்மபுரில ஒரு டாக்டர் மூட்டை ஜாயின் பண்ணிடலாம்னாரு, அதாவது ரெண்டு எலும்பையும் அசையாம ஒண்ணா ஒட்ட வைக்கிறது, பெங்களூர்ல ஒருத்தர் மூட்டையே மாத்தலாம்னாரு, சொந்தக்காரர் ஒருத்தர் பிஆர்பி ஊசி (நம்ம ரத்தத்தையே எடுத்து பிரிச்சு மூட்டுக்குள்ள போடுறது) போட்டா ஆபரேஷனே வேணாம்னு சொல்றாரு, இதுல எது பெஸ்ட்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரில "ஜாயின் பண்ணிட்டா கால் மடங்கவே மடங்காதா, வரப்புல நடக்க முடியாம போயிடுமா"ன்னு ஒண்ணு போட்டிருக்கீங்க பாருங்க, உங்க வீட்டுல எல்லாருக்கும் தூக்கம் கெடுக்கிற கேள்வி அதுதான்னு நினைக்கிறேன். அதனால அதுக்குத்தான் அதிகமா எழுதப்போறேன்.

நான் யாருன்னு சொல்லிட்றேன். கிருஷ்ணகிரில பிசியோதெரபி பாக்குறேன், பல வருஷமாச்சு. ஆபரேஷன் பண்றவன் கிடையாது, ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் அந்தக் கால மாசக்கணக்குல கையில புடிச்சு பாக்குறவன். அதனால கத்தி பிடிக்கிற விஷயத்துல நான் சொல்றது படிச்சதும் பார்த்ததும், கால் எப்படி நடக்கும்ங்கறதுல சொல்றது என் தொழில். உங்க அப்பா காலையும் படத்தையும் பாக்காம "இதப் பண்ணுங்க"ன்னு என்னால சொல்ல முடியாது, எப்படி யோசிக்கணும்னு மட்டும் சொல்லலாம்.

கணுக்கால் தேய்மானம் முட்டி தேய்மானம் மாதிரி வயசானா தானா வர்றது ரொம்பக் கம்மி. இது உறுதியான விஷயம், பத்து பேருக்கு இருந்தா ஏழெட்டு பேருக்கு பழைய அடி தான் காரணம், எலும்பு உடைஞ்சதோ, திரும்பத் திரும்ப கால் பிசகி ஜவ்வு கிழிஞ்சதோ. கணுக்கால்ல எலும்ப மூடியிருக்கிற குருத்தெலும்பு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், முட்டியில சில இடத்துல அதைவிட மூணு மடங்குக்கு மேல கனம். அவ்வளவு மெலிசா இருந்தும் எழுபது எம்பது வயசு வரைக்கும் கணுக்கால் நல்லா ஓடுறதுக்குக் காரணம் மேல் எலும்பும் கீழ் எலும்பும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு அச்சா உக்கார்றதுதான். அந்த அச்சு மாறுனா போச்சு. 1976ல ஒரு ஆய்வு வந்துச்சு, கீழ இருக்கிற டாலஸ் எலும்பு வெளிப்பக்கமா வெறும் 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே எலும்பும் எலும்பும் தொட்டுக்கிற பரப்பு 42 சதவீதம் குறையுதுன்னு. பின்னாடி பண்ண ஆய்வுகள்ல இந்த அளவு குறைவா வந்திருக்கு, ஆனா விஷயம் அதேதான், சின்ன கோணல் கூட பத்து வருஷத்துல பெரிய தேய்மானம் ஆகும். நாட்டுக்கட்டை நான் மொத்தமா குறை சொல்ல வரல, விரல்ல சின்ன விரிசல்னா எதை வச்சு கட்டினாலும் பெரும்பாலும் கூடிக்கும். மூட்டுக்குள்ள போற உடைப்பு அப்படி இல்ல, அத படம் பார்த்து மில்லிமீட்டர் கணக்குல சேக்கணும். மாம்பழ சீசன்லயும் புளி சீசன்லயும் மரத்துல இருந்து விழுந்து வர்றவங்கள நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் வருஷா வருஷம் பாக்குறோம், அவங்க சொந்தக்காரங்க யாராவது இத படிச்சா கணுக்கால் உடைப்புக்கு மட்டும் தயவுசெஞ்சு ஆர்த்தோ டாக்டர்கிட்ட போங்க.

சரி, அப்பா விஷயத்துக்கு வர்றேன். எந்த சிகிச்சைனு பேசறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரிஞ்சாகணும். ஒண்ணு, இது தேய்மானம் மட்டும்தானா. பழைய உடைப்பு இருக்கு, ஒரே கால் தான், மெதுவா ஏறின வலி, அதனால அதுதான்னு நினைக்க நல்ல காரணம் இருக்கு. ஆனா நடுராத்திரில திடீர்னு சிவந்து சூடா வீங்கி போர்வை பட்டாலே வலிச்சா யூரிக் ஆசிட் பாக்கணும். ரெண்டு கை விரலும் சேர்ந்து வீங்கி காலையில ஒரு மணி நேரத்துக்கு மேல இறுக்கமா இருந்தா அது வாத நோய் வகை, அதுக்கு வைத்தியமே வேற. சாயங்கால காய்ச்சல், எடை குறையுது, வீக்கம் மட்டும் நாளுக்கு நாள் கூடுதுன்னா மூட்டு டிபி இருக்கலாம், நம்ம ஊர்ல அத மறக்கவே கூடாது. சுகர் ரொம்ப நாளா இருந்து கால் மரத்துப்போய், வீக்கம் பெருசா இருந்தும் வலி அதுக்கேத்த அளவு இல்லன்னா, அதுவும் வேற நோய், அதுக்கு உடனே கால கீழ ஊனாம காட்டணும். அப்புறம் நம்ம மாவட்டத்துக்காரங்க எல்லாரும் கேக்குறது, "ஃபுளோரைடு தண்ணி குடிச்சதாலயா?" தர்மபுரி கிருஷ்ணகிரி நிலத்தடி தண்ணில ஃபுளோரைடு அதிகம்ங்கறது உண்மை, அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே கொண்டு வந்தாங்க, 2013ல தொடங்குச்சு. பல வருஷம் போர் தண்ணி குடிச்சவங்களுக்கு எலும்புலயும் ஜவ்வுலயும் அது படிஞ்சு முதுகு, கழுத்து, இடுப்பு எல்லாம் இறுகும். ஆனா அது ஒரே ஒரு கணுக்கால மட்டும் தேடி வராது. அப்பாவுக்கு முதுகும் கழுத்தும் கூட திருப்ப முடியலன்னா மட்டும் டாக்டர்கிட்ட அத சொல்லுங்க.

ரெண்டாவது, வலி வர்றது எந்த மூட்டுல இருந்து. நாம கணுக்கால்னு மொத்தமா சொல்ற இடத்துல மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு மூட்டு இருக்கு. மேல இருக்கறது பாதத்த மேலயும் கீழயும் ஆட்டும். அதுக்குக் கீழ குதிகால் எலும்போட சேர்ற மூட்டு, சப்டாலர்னு சொல்வாங்க, பாதத்த உள்பக்கமும் வெளிப்பக்கமும் சாய்க்கிறது அதுதான். மேடு ஏறும்போது, குத்த வச்சு உக்காரும்போது, முன்பக்கம் குத்துனா பெரும்பாலும் மேல் மூட்டு. உழுத நிலத்துல, கல்லு மேல, வரப்பு ஓரத்துல சாஞ்சு மிதிக்கும்போது மட்டும் உயிர் போகுதுன்னா கீழ் மூட்டையும் சந்தேகப்படணும். ரெண்டும் கெட்டிருக்கலாம். இது ஏன் முக்கியம்னா மேல் மூட்டை ஜாயின் பண்ணிட்டு வலி கீழ் மூட்டுல இருந்ததுன்னா அவ்வளவு கஷ்டமும் வீண். சந்தேகம் இருந்தா ஸ்கேன் பார்த்துக்கிட்டே ஒரு மூட்டுக்குள்ள மட்டும் மரத்துப்போற ஊசி போட்டு, அடுத்த சில மணி நேரம் அவர நடக்கவிட்டு பாப்பாங்க, வலி நின்னா அந்த மூட்டுதான். டாக்டர்கிட்ட இத கேக்கறதுல தப்பே இல்ல. எக்ஸ்ரேயும் நின்னுக்கிட்டு எடுத்ததா பாருங்க. படுக்க வச்சு எடுத்த படத்துல இடைவெளி நல்லா இருக்கற மாதிரி தெரியும், எடைய போட்டு நின்னா எலும்பும் எலும்பும் ஒட்டி நிக்கும், கோணலும் அப்பதான் தெரியும். நம்ம பக்கத்துல நிறைய இடத்துல படுக்க வச்சே எடுத்துக் குடுத்துட்றாங்க, நீங்களே வாய்விட்டு "நிக்க வச்சு எடுங்க, ரெண்டு காலும் எடுங்க"ன்னு சொல்லுங்க.

ஆபரேஷன் இல்லாத வழில தேஞ்சது திரும்ப வளராது, இதுல சந்தேகமே வேணாம், வளரும்னு யார் சொன்னாலும் எழுந்து வந்துடுங்க. ஆனா வலிய பாதியா குறைச்சு பல வருஷம் ஓட்டலாம், அப்படி ஓட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க. இதுல எனக்கு ரொம்ப நம்பிக்கையான விஷயம் செருப்பு, யாரும் மதிக்காத விஷயமும் அதுதான். உங்க அப்பா அந்த தேஞ்சுபோன ரப்பர் செருப்ப மாட்டிக்கிட்டு, இல்ல வெறுங்காலோட தான் தோட்டத்துல இருப்பாருன்னு எனக்குத் தெரியும். அந்த செருப்ப திருப்பிப் பாருங்க, இடது செருப்பு ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா கால் அந்தப் பக்கம் சாயுதுன்னு அர்த்தம், டாக்டர்கிட்ட போகும்போது அந்த செருப்பையும் எடுத்துட்டுப் போங்க. வேணும்ங்கறது என்னன்னா, வளையாத கெட்டியான அடி, குதிகால்ல ஒரு சென்டிமீட்டர் அளவு உயரம், முன்னாடி விரல் பக்கம் மேல நோக்கி வளைஞ்ச அடி. குழந்தைங்க ஆடுற மரக்குதிரைக்கு அடியில இருக்குமே வளைவு, அது மாதிரி. கணுக்கால் மடங்க வேண்டிய வேலைய செருப்பே உருண்டு செஞ்சுடும். கடையில விக்கிற ஷூல அடி இப்படி வளைஞ்சது கிடைக்குது, ஆனா விலை. நான் பெரும்பாலும் சுகர்காரங்களுக்குப் போடுற எம்சிஆர் செருப்பு பின்னாடி வார் வச்சது ஒண்ணு வாங்கி வரச்சொல்லுவேன், செருப்பு தைக்கிறவர்கிட்ட அடியில கெட்டி ரப்பர் ஷீட் ஒட்டச் சொல்லி, பாதத்தோட உருண்டை இருக்குதே, பெருவிரலுக்குப் பின்னாடி, அந்த இடத்துக்கு கொஞ்சம் பின்னாடியே, குதிகால் பக்கமா, கனம் முடிஞ்சு அங்க இருந்து நுனி வரைக்கும் சரிவா சீவி விடச் சொல்லணும். சாக்பீஸ்ல கோடு போட்டுக் குடுத்தா நல்லா சீவிக் குடுக்குறாங்க. ரெண்டு செருப்புக்கும் பண்ணணும், ஒண்ணுக்கு மட்டும் பண்ணா இடுப்பு வலிக்கும். முதல் வாரம் தடுமாறும், ஈரத்துல வழுக்கும், அதனால வீட்டு வாசல்ல பழகிட்டு அப்புறம் தோட்டத்துக்கு.

அடுத்தது கணுக்கால் பெல்ட். மெடிக்கல்ல கிடைக்கிற சாக்ஸ் மாதிரி இழுவைத் துணி வீக்கத்துக்கு ஓரளவு, மத்தபடி பெருசா ஒண்ணும் பண்ணாது. கயிறு போட்டு இறுக்கற வகை, ரெண்டு பக்கமும் பட்டை வச்சது, வேலை நேரத்துல போட்டா பக்கவாட்டு ஆட்டம் அடங்கும், வலி குறையும். அதுலயும் அடங்கலன்னா முழங்காலுக்குக் கீழ வரைக்கும் வர்ற பிளாஸ்டிக் பிரேஸ் அளவெடுத்து செய்வாங்க. இதுல ஒரு உபயோகமான சூட்சுமம் இருக்கு, அந்த பிரேஸ் போட்டு கணுக்கால் அசையாம ரெண்டு மூணு வாரம் தோட்ட வேலை செஞ்சு பாக்கச் சொல்லுங்க. ஜாயின் பண்ண பிறகு கால் எப்படி இருக்கும்னு ஏறக்குறைய அதே அனுபவம் கிடைக்கும். "வலி போச்சு, நடை சமாளிக்கலாம்"னு அவரே சொன்னாருன்னா உங்க பெரிய பயம் பாதி குறைஞ்சுடும். இத நான் ஆபரேஷனுக்கு யோசிக்கிற எல்லார்கிட்டயும் சொல்றேன். ஊன்றுகோல் வலது கையில பிடிக்கணும், வலிக்கிற காலுக்கு எதிர் கையில, நம்ம ஆளுங்க எல்லாரும் வலிக்கிற பக்கமே பிடிப்பாங்க.

உடற்பயிற்சியால தேய்மானம் நிக்கும்னு சொல்ற அளவுக்கு கணுக்கால்ல ஆதாரம் இல்ல, முட்டிக்குத்தான் நல்ல ஆய்வுகள் இருக்கு. ஆனா கெண்டைக்கால் சதையும், வெளிக்கணுக்கால் பக்கம் இருக்கிற தசையும் பலமா இருந்தா மூட்டு குலுங்கறது குறையுது, நடை நல்லாகுது, இத நான் தினம் பாக்குறேன். செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு குதிகால தூக்கி மெதுவா இறக்கறது, ஒத்தக்கால்ல நிக்கறது, ரப்பர் பேண்ட் மாட்டி பாதத்த வெளிப்பக்கம் தள்றது, இவ்வளவு போதும். ஒரு எச்சரிக்கை, மூட்டுக்கு முன்பக்கம் எலும்பு முளைச்சு முட்டிக்கிட்டு இருந்தா பாதத்த மேல மடக்கி இழுக்கற ஸ்ட்ரெச் பண்ணவே கூடாது, எலும்ப எலும்புல இடிக்கிற வேலை அது. யூடியூப் பார்த்து அதப் பண்ணி வீங்க வச்சுக்கிட்டு வர்றவங்க நிறைய. செவுத்துக்கு முன்னாடி நின்னு குதிகால் தூக்காம முட்டிய செவுத்துல தொடச் சொல்லி பாருங்க, கெண்டைக்கால் இழுத்தா சதை இறுக்கம், மூட்டு முன்னாடி டக்குனு நின்னு குத்துனா எலும்பு. உடல் எடை அதிகம்னா குறைக்கணும்ங்கறத தனியா சொல்ல வேண்டியதில்ல, நடக்கும்போது கணுக்கால்ல ஏறுற சுமை உடம்பு எடையை விட பல மடங்கு.

மருந்துல மேல தடவுற டைக்ளோஃபினாக் ஜெல் முதல்ல, கணுக்கால் தோலுக்கு பக்கத்துலயே இருக்கறதால ஓரளவு வேலை செய்யுது, வயித்துக்கும் பாதகம் கம்மி. வலி மாத்திரை அறுவடை நேரத்துல நாலு நாள் டாக்டர் சொன்ன அளவுல போட்டுக்கறது ஒரு விஷயம், மெடிக்கல்ல காலைக் காட்டி பேப்பர்ல மடிச்சுக் குடுக்குற கலர் மாத்திரைய மாசக்கணக்குல முழுங்குறது வேற. அதுல பல நேரம் வலி மாத்திரையோட ஸ்டீராய்டும் கலந்திருக்கும், அதான் மந்திரம் மாதிரி கேக்குது, அல்சரும் கிட்னியும் பிபியும் சுகரும் அப்புறம் வரிசையா வரும். உங்க அப்பா ஏற்கனவே இத சாப்பிடறாருன்னா டக்குனு நிறுத்தாதீங்க, ஸ்டீராய்ட மெதுவாத்தான் குறைக்கணும், டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

ஊசிகள்ல ஸ்டீராய்டு ஊசி மூட்டுக்குள்ள போட்டா சில வாரம், சிலருக்கு சில மாசம் நல்லா இருக்கும், அவ்வளவுதான். கல்யாணம், சீசன் மாதிரி ஒரு நேரத்த கடக்க உதவும். அடிக்கடி போடக்கூடாது, ஆபரேஷனுக்கு முன்னாடி மூணு மாசத்துக்குள்ள போட்டா கிருமி பிடிக்கிற வாய்ப்பு கூடும்னு டாக்டர்கள் தவிர்ப்பாங்க, சுகர் இருந்தா சில நாள் எகிறும். ஜெல் ஊசி, அதான் ஹயலுரானிக், கணுக்காலுக்கு அதோட பலன் சந்தேகம். பிஆர்பி பத்தி நீங்க தெளிவா கேட்டதால தெளிவா சொல்றேன். நெதர்லாந்துல 100 பேர வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, பாதி பேருக்கு பிஆர்பி, பாதி பேருக்கு வெறும் உப்புத்தண்ணி, யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது. 26 வாரம் கழிச்சு பார்த்தா ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்ல, 2021ல வெளிவந்துச்சு. ஊசி போட்ட நிறைய பேருக்கு கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு, உப்புத்தண்ணி போட்டவங்களுக்கும் அதே அளவு. உங்க சொந்தக்காரர் பொய் சொல்லல, அவருக்கு நல்லா இருந்திருக்கும். ஆனா அந்தக் காச உங்க அப்பாவுக்காக நான் செலவு பண்ண மாட்டேன். ஸ்டெம் செல்னு லட்சத்துல கேட்டா அதுக்கும் இதே பதில், அதுக்கு இந்த அளவு ஆய்வு கூட இல்ல.

இவ்வளவையும் நாலஞ்சு மாசம் ஒழுங்கா பண்ணியும் தூக்கம் கெட்டு, வேலை நின்னு போச்சுன்னா ஆபரேஷன். இதுல சின்னது பெருசுன்னு இருக்கு. மூட்டுல பெரும்பகுதி நல்லா இருந்து முன்னாடி எலும்பு முளை மட்டும் முட்டுதுன்னா துளை போட்டு அத சீவி விடலாம், மொத்தமா தேஞ்ச மூட்டுல அது காசுக்கு நஷ்டம். எலும்பு கோணலா கூடி மூட்டுல ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா, கணுக்காலுக்கு மேல எலும்ப வெட்டி நேராக்கி தகடு வச்சு சுமைய நல்ல பக்கத்துக்கு மாத்துற ஆபரேஷன் இருக்கு. இது சரியான ஆளுக்கு பண்ணா சொந்த மூட்டையே பல வருஷம் காப்பாத்தலாம், ஆனா ஏன்னு தெரியல, இத பத்தி பேசறவங்களே கம்மி. உங்க அப்பாவுக்கு பாதிக் கட்டுல பிரிச்ச உடைப்பு, அதனால கோணல் இருக்க வாய்ப்பு இருக்கு, "வெட்டி நேராக்குற நிலைமைய தாண்டிடுச்சா"ன்னு கட்டாயம் கேளுங்க. நின்னு எடுத்த எக்ஸ்ரே வேணும்னு நான் அடிச்சு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஜாயின் பண்றதுன்னா மிச்சம் இருக்கிற குருத்தெலும்ப சுரண்டி எடுத்துட்டு ரெண்டு எலும்பையும் ஒட்ட வச்சு ரெண்டு மூணு பெரிய ஸ்குருவோ தகடோ போட்டு ஒரே எலும்பா கூட விட்றது. கோணல் அதிகம் இல்லன்னா துளை வழியாவே பண்றவங்க இருக்காங்க. பத்துல ஒம்போது பேருக்கு எலும்பு கூடிடுது, கூடிட்டா அந்த மூட்டு வலி போயிடும், அசையாத மூட்டு வலிக்காது. கூடாம போறதுக்கு பெரிய காரணம் பீடி சிகரெட். அப்பா பிடிக்கிறாருன்னா டேட் குடுக்கறதுக்கு முன்னாடியே நிறுத்தணும், சும்மா குறைச்சுக்கறேன்ங்கறது எடுபடாது. சுகர் கட்டுப்பாடும் அதே மாதிரி.

இப்ப உங்க கடைசி வரி கேள்வி. கால் மடங்காதா? மேல் மூட்டு மடங்காது. ஆனா உங்க அப்பா கணுக்கால் இப்பவே எவ்வளவு மடங்குதுன்னு பாருங்க, இவ்வளவு வருஷ தேய்மானத்துல பாதி அசைவு ஏற்கனவே போயிருக்கும், அவர் இழக்கப்போறது நீங்க நினைக்கிறதுல கொஞ்சம்தான். கீழ் மூட்டும் நடுப்பாதத்துல இருக்கிற சின்ன மூட்டுகளும் சேர்ந்து கொஞ்சம் அசைவு குடுக்கும், அதனால ஷூ போட்டு சமதளத்துல நடந்தா வெளியாள் கண்டுபிடிக்கிறது கஷ்டம். வரப்புல நடக்கலாம், பக்கவாட்டு சாய்வு கீழ் மூட்டோட வேலைங்கறதால அது நல்லா இருந்தா சமாளிப்பாரு, வேகம் குறையும், சேத்துல வெறுங்காலோட நடக்கறது சிரமம். மேடு ஏறும்போது பாதத்த வெளிப்பக்கம் திருப்பி ஏறப் பழகணும். குத்த வச்சு உக்காந்து களை எடுக்கறது, இந்திய கழிப்பறை, இது ரெண்டும் ஒழுங்கா முடியாது, குதிகால் தரையில படாது. வெஸ்டர்ன் கழிப்பறை முன்னாடியே கட்டிடுங்க, களை எடுக்க குட்டி முக்காலி. சம்மணம் போட்டு உக்கார நிறைய பேருக்கு முடியுது. இடது கால்ங்கறதால பைக்ல கியர் மாத்த சிரமப்படுவாரு, எக்ஸ்எல் மாதிரி கியர் இல்லாத வண்டிக்கு மாறிட்டா பிரச்சனை இல்ல. டிராக்டர் கிளட்ச் முட்டியையும் தொடையையும் வச்சு மிதிக்கப் பழகணும், பழகிடலாம். ஒரு உண்மையையும் மறைக்கக்கூடாது, பத்து இருவது வருஷத்துல கீழ் மூட்டுக்கும் பக்கத்து மூட்டுகளுக்கும் சுமை கூடி அங்க தேய்மானம் தெரிய ஆரம்பிக்கும். படத்துல தெரியற எல்லாருக்கும் வலி வர்றதில்ல, சிலருக்கு வரும்.

மூட்டு மாத்துறதுல மேல கீழ உலோகம், நடுவுல பிளாஸ்டிக். 1970கள்ல வந்த மாடல்கள் சீக்கிரமே தளர்ந்து பேர் கெட்டுப்போச்சு, இப்ப வர்றது எவ்வளவோ நல்லா இருக்கு, பத்து வருஷம் கழிச்சு எம்பதுல இருந்து தொண்ணூறு சதவீதம் வரைக்கும் அப்படியே இருக்குது. இங்கிலாந்துல 17 ஆஸ்பத்திரில, 50ல இருந்து 85 வயசு வரை உள்ளவங்கள குலுக்கல் முறைல பிரிச்சு ஒரு பாதிக்கு மாத்தி, ஒரு பாதிக்கு ஜாயின் பண்ணி ஒப்பிட்டாங்க, 2022ல முடிவு வந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு கூட்டமும் நல்லா முன்னேறியிருந்தாங்க, நடக்கறது நிக்கறதுல உறுதியா சொல்ற அளவுக்கு வித்தியாசம் இல்ல. மாத்தினவங்களுக்கு புண்ணு ஆறாம இழுக்கறது, நரம்பு பாதிப்பு அதிகம், ஜாயின் பண்ணவங்களுக்கு எலும்பு கூடாம போறது, ரத்தக்குழாய்ல ரத்தம் உறையறது அதிகம். எது மேலுன்னு அடிச்சு சொல்ல இதுவரைக்கும் உள்ள ஆதாரம் போதாது, பதினஞ்சு இருவது வருஷக் கணக்கு தான் இதுல பெரிய சந்தேகம். என் சொந்த அபிப்பிராயம் கேட்டா, வயசு அறுவத்தஞ்சுக்கு மேல, எடை கம்மி, கோணல் இல்ல, ரொம்ப பாரம் தூக்காத ஆளு, கீழ் மூட்டும் கெட்டுப்போனவங்க, இவங்களுக்கு மாத்துறது நல்ல யோசனை. 57 வயசுல கிரேடு கிரேடா தக்காளி தூக்குறவருக்கு, இன்னும் பத்து வருஷம் தோட்டத்த விடமாட்டாருன்னா, நான் ஜாயின் பக்கம்தான் சாய்வேன். மாத்தினது தளர்ந்தா அப்புறம் ஜாயின் பண்ணணும்னா எலும்பு குறைஞ்சு போய் வேலை ரொம்ப கஷ்டம். இன்னொண்ணு, முட்டி மாத்துற அளவுக்கு கணுக்கால் மாத்துறது நம்ம பக்கம் நடக்கறதில்ல, அதனால பெங்களூர் டாக்டர்கிட்ட "நீங்க வருஷத்துக்கு எத்தன பண்றீங்க"ன்னு கூச்சப்படாம கேளுங்க, நல்ல டாக்டர் கோவப்பட மாட்டாரு. தர்மபுரி டாக்டர் உங்களுக்கு பழைய முறைய தள்ளிவிட்டாருன்னு மட்டும் நினைக்காதீங்க, அவர் சொன்னது நல்ல வைத்தியம்.

ஜாயினோ மாத்துறதோ, டாக்டர் சொல்றத பொறுத்து கால ஊனாம ஆறு வாரம் கிட்ட, முழுசா வேலைக்குப் போக நாலஞ்சு மாசம், வீக்கம் வடிய ஒரு வருஷம் கூட ஆகும். ஆறு வாரம் வாக்கர்ல ஒத்தக்கால்ல குதிக்கணும், அதனால ஆபரேஷனுக்கு முன்னாடியே கை பலமும் வலது கால் பலமும் ஏத்திக்கச் சொல்லுங்க, படுக்கை கீழ் வீட்டுலயே போடுங்க. நாத்து விட்டதுக்கு அப்புறம் தேதி வாங்காதீங்க, ஒரு சீசன விட்டுக்குடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்குங்க, இல்லன்னா மூணாவது வாரமே தண்ணி திருப்ப கிளம்பிடுவாரு, இவங்கள எனக்கு நல்லாத் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகு பிசியோவுக்கு தினம் ஆட்டோ பிடிச்சு அலைய வேண்டியதில்ல, மக்களைத் தேடி மருத்துவம்ல வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வர்றாங்க, 2021 ஆகஸ்ட்ல அத ஆரம்பிச்சதே நம்ம சூளகிரி பக்கம் சாமனப்பள்ளில தான், உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா ஆபரேஷன் தேதிக்கு முன்னாடியே ஆஸ்பத்திரில இருக்கிற காப்பீட்டு டெஸ்க்ல போய், இந்த ஆபரேஷனும் அதுக்குப் போடுற ஸ்குரு, தகடு எல்லாமும் அதுல வருதான்னு கேட்டுடுங்க, பெங்களூர்னா அந்த அட்டை செல்லுமான்னும் அங்கயே கேளுங்க. நின்னு எடுத்த எக்ஸ்ரே கிடைச்சதும் கோணல் எவ்வளவு, கீழ் மூட்டு எப்படின்னு டாக்டர் சொன்னத எழுதுங்க, அதுக்கு மேல என்ன யோசிக்கலாம்னு சொல்றேன்.